களைப்பு என்று எழுதப்பட்டது

“பதிவு பண்றோம் ஆன்ட்டி, பரவாயில்லையா?” என்று மாதுரி கேட்டதில்தான் அந்தப் பேச்சு தொடங்கியது.

“ஆன்ட்டி எண்டாத புள்ள. ஐம்பத்தேழு எல்லாம் ஒரு வயசா? அக்கா எண்டு சொல்லு. மறுகாப் பதிவு பண்ணு.”

“சரிங்கக்கா.”

“அந்தச் சிவப்பு லைட் எரிஞ்சாத்தான் பதியுதா?”

“ஆமா.”

“அப்ப எரியட்டும்” என்று சொல்லி இலட்சுமிப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மருத்துவக் கல்லூரிப் பயிற்சிக்கூடத்தின் நான்காம் மாடியில், ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. மார்ச் மாதம் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மாணவர்கள் உண்மையான நோயாளிகளைத் தொடுவதற்கு முன் அந்தக் கூடத்தில்தான் பழகுவார்கள். அங்கே நோயாளியாக நடிப்பவர்கள் இருபத்தைந்து பேர். அவர்களில் தமிழ் பேசும் ஒரே ஆள் இலட்சுமிப்பிள்ளை. நடிக்கும் நோயாளிகளிடமிருந்து மாணவர்கள் எதைக் கற்கிறார்கள் என்று ஒரு ஆய்வு நடந்தது. அதில் உதவியாளர் வேலை மாதுரிக்கு. தமிழ்நாட்டிலிருந்து வந்த எஞ்சினியர் வீட்டுப் பெண், பிறந்தது இதே மொன்றியலில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் கற்றவள். அளந்துதான் பேசுவாள்; எழுதுவதில் ஒரு புள்ளி தவறினாலும் தூக்கம் வராது.

“இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?”

“சென்ட் லோரன்ட்ல மருந்து பெக்டரி. மாத்திரை அட்டை பாக்கிற வேல. ஒரு அட்டையில பத்து மாத்திரை. ஒம்பது இருந்தா எடுத்து எறியோணும். பதினாறு வருசம் ஒம்பதத் தேடினன். மறுகா பெக்டரி ஒன்ராரியோவுக்குப் போயிட்டு. நான் போகல்ல. நோயாளியா நடிக்க ஆள் வேணும், பிரெஞ்சு அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல எண்டு நோட்டீஸ் கிடந்திச்சு. அரைகுறை எண்டா நான்தானே?”

“எப்படித் தயாராவீங்க?”

“அவங்க தாற நோயாளிக் கத ஆறு பக்கத்தையும் என்ட கொப்பியில தமிழ்ல எழுதி வெச்சிருவன். பஸ்ஸில போகக்க பாடமாக்கிறது. எனக்கு அதில பேர் மதாம் காஞோன், தனி வெள்ளக்காரப் பேர். பிள்ளையள் உள்ள வந்து ‘பொன்ஜூர் மதாம் காஞோன்’ எண்டு சொல்லிப்போட்டு என்ட பொட்டப் பாப்பாங்க. பாவங்கள். சிரிக்கவும் ஏலாது, மார்க் போயிரும்.”

மாதுரியும் சிரித்தாள். அடுத்த கேள்வியைக் கேட்டாள். உடம்புக்குக் கஷ்டமாக இருக்கிறதா?

“வயிறு எரியிற மாரி நடிக்கிறது லேசு. இப்ப கொஞ்ச நாளாத்தான்...” இலட்சுமிப்பிள்ளை நிறுத்தினார். “படி ஏறினாக் களைக்கிது புள்ள.” மறுபடியும் நிறுத்தினார். “எங்கட வீடு மூண்டாம் மாடி.”

“உடம்பப் பாத்துக்கங்க அக்கா” என்று மாதுரி மரியாதைக்குச் சொன்னாள். தாளில் அடுத்த கேள்வி இருந்தது. அதைக் கேட்பதற்குள் இலட்சுமிப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“நான் ஒண்டு கேக்கட்டா? ஒரு பிள்ள சோதனைக்கிடையில நிப்பாட்டினா அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?”

“மார்க் விஷயம் எங்ககிட்ட வராதுக்கா.”

“யாரிட்ட வரும்?”

“தேர்வுக்குழுகிட்ட.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

இலட்சுமிப்பிள்ளை சிவப்பு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நிப்பாட்டு” என்றார். மாதுரி நிறுத்தினாள். அவர் எழுந்து கோட்டைப் போட்டு, ஜிப்பை மேலே இழுக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பொறுமைசாலி என்று மாதுரி நினைத்தாள்.

அந்த வாரமே மாதுரி பதிவைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதுவதற்குச் சில விதிகள் உண்டு. பெயர் வரக்கூடாது, இலட்சுமிப்பிள்ளை ‘நோயாளி ஏழு’ ஆனார். பேச்சு இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் அடைப்புக்குறிக்குள் ‘நிறுத்தம்’ என்று குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்பை இன்னொரு தமிழ் தெரிந்தவர் சரிபார்க்க வேண்டும். ஆய்வின் தலைவி பத்மா நாகசுப்பிரமணியனே சரிபார்த்தார். கும்பகோணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகக் கல்வித்துறைப் பேராசிரியராக இருப்பவர். ‘இந்த நாட்களில் படி ஏறினால் களைப்பாக இருக்கிறது’ என்று மாதுரி எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். இரண்டு பேர் பார்த்தாயிற்று. இரண்டு பேர் வீட்டிலும் களைப்பு என்றால் அசதி. ஐம்பத்தேழு வயதில் மூன்று மாடி ஏறினால் யாருக்குத்தான் அசதி வராது?

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், மாதுரிக்கு இன்னொரு பதிவு வந்தது. மாணவர்களைப் பேட்டி கண்டது வேறொரு உதவியாளர்; எழுதுவது மட்டும் மாதுரி. பேசியவள் மூன்றாம் ஆண்டு மாணவி. சொந்தக்காரர்கள் யாழ்ப்பாணம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் போய்க்கொண்டிருந்த பேச்சில் திடீரென்று ஒரு தமிழ்ச் சொல் வந்து விழுந்தது.

பிப்ரவரி தேர்வில் ஒரு அறை, என்றாள் அவள். பதினொரு நிமிடம். வயிற்றெரிச்சல் என்று வந்த பெண். நாலாம் நிமிடத்தில் அந்தப் பெண் தமிழில், தனக்குத்தானே சொல்வதுபோல், ‘கொஞ்சம் பொறு, களைக்கிது’ என்றாராம். “எங்கட அம்மா இழுப்பு வரேக்க சொல்லுற சொல் அது” என்று அந்த மாணவி பதிவில் தமிழிலேயே சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள்: அது அசதி இல்லை, மூச்சு எட்டாமல் போவது. வயிற்றெரிச்சல் கதைக்குள் மூச்சுக்கு இடமே கிடையாது. அவள் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். ‘அம்மா, நடிக்கிறியளோ, உண்மையாவே களைக்குதோ?’ என்று கேட்டாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த தேர்வாளரைத் தட்டிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, பிரெஞ்சில், ‘நடிக்கிறேன், நடிக்கிறேன்’ என்றுவிட்டார். தேர்வாளர் எழுதினார்: மாணவி பாத்திரத்தை உடைத்தார், இல்லாத அறிகுறியைச் சேர்த்தார். ஜூனில் மறுபடி எழுத வேண்டும்.

அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று பேட்டி கண்டவர் கேட்டார்.

“பார்த்ததைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று கற்றேன்” என்றாள் மாணவி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மாதுரியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. அவள் ‘நோயாளி ஏழு’ கோப்பைத் திறந்தாள். ‘படி ஏறினால் களைப்பாக இருக்கிறது’. பத்மாவின் சரி. அதற்கு முன்னும் பின்னும் அடைப்புக்குறிக்குள் நிறுத்தம், நிறுத்தம். பக்கம் முழுக்க எண்ணினாள். ஒன்பது. காதில் இயர்போனைச் செருகி அந்த ஒன்பது இடங்களையும் மட்டும் திரும்பக் கேட்டாள். முதல் தடவை அவள் அங்கே வெறும் மௌனத்தைத்தான் கேட்டிருந்தாள். இப்போது சத்தத்தைக் கூட்டிக் கேட்டபோது அது மௌனமாக இல்லை. ஒரு பெண் வாயைத் திறந்து காற்றைத் தேடுகிற சத்தம்.

தன் கையால்தான் அதை எழுதினாள். நிறுத்தம் என்று.

பத்மாவைக் கூப்பிட்டாள். அவர் அன்று புவாண்ட்-கிளேர் வீட்டிலிருந்து வேலை செய்தார்.

“களைப்புன்னா களைப்புதானே, மாதுரி?”

“நமக்கு, மேடம். அவங்களுக்கு இல்ல. மூச்சு வாங்குறது. ரெண்டு பேரும் சேர்ந்து தப்பாப் பாத்துட்டோம்.”

“நாம டாக்டர் கிடையாது. ஒரு மாணவி ரகசியமா சொன்னத வெச்சு இன்னொருத்தர் வீட்டுக் கதவத் தட்டினா, நாளைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டி நம்மள நம்பும்? நான் கமிட்டிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேக்கறேன்.”

“பதில் வர எத்தன நாளாகும்?”

“ஒரு வாரம்.”

“தட்டலன்னா, மேடம்?”

பத்மா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. “போன் பண்ணு. மொதல்ல போன் பண்ணு.”

நாலு தடவை பண்ணினாள். நாலு தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாதுரி கூப்பிடாமல் யார் வீட்டுக்கும் போனவள் இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கக்கூடப் போனதில்லை. ஆனால் விலாசம் அவளுக்குத் தெரியும். ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதி தபாலில் வேண்டும் என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டிருந்தார். உறையில் விலாசம் எழுதியது இவள்தான். கோட்டை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினாள். அக்காடியில் இறங்கியபோது மணி மூன்றரை. பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் பகலில் உருகிய பனி மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது.

வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அதற்கு உள்ளே இன்னொரு செங்குத்துப் படி. ஏறி முடித்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. மணியை அழுத்தினாள். பதில் இல்லை. கதவைத் தட்டினாள். பிறகு அறைந்தாள்.

“யாரது, கதவ உடைக்கிற?”

சத்தம் பக்கத்தில்தான் கேட்டது. ஆனாலும் கதவு திறக்க இரண்டு நிமிடம் ஆனது. இலட்சுமிப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் ஆண்கள் போடும் பெரிய செருப்பு. அதற்குள்ளும் பாதம் பிதுங்கியது.

“ஆன்ட்டி, நான் போன் பண்ணேன்...”

“அக்கா. போன் அங்கால அறையில. எழும்பிப் போறதுக்குள்ள நிண்டிருது.” ஒரு மூச்சு. “என்ன, கேள்வி ஏதும் மிச்சமா?”

கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் தலையணை, போர்வை. கட்டில் விரிப்பு குலையாமல் அடுத்த அறையில் கிடந்தது. மாதுரி அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“படுத்தா ஏலாது. நிமிந்து இருந்தாத்தான் கண் மூடலாம். மூண்டு கிழமையாகுது.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் அக்கா. இப்பவே.”

“சனிக்கிழம சோதனை இரிக்கு. நாப்பது பிள்ளையள்.”

“அக்கா!”

“நீ விளங்காமக் கதைக்காத. நாங்க வேலைக்குச் சேரக்க ஒரு படிவத்தில கையெழுத்து வெச்சிரிக்கம். ‘நான் நல்ல சுகத்தோட இரிக்கன்’ எண்டு. வருத்தக்காரி நோயாளியா நடிக்க ஏலாது புள்ள. சுகமா இரிக்கிறவதான் நோயாளியா இரிக்கலாம். அதுதான் சட்டம்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் முடிய நெடுநேரம் பிடித்தது. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

மாதுரி மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடத் தெரிந்தவளும் இல்லை. போனை எடுத்து, தாதியிடம் ஆலோசனை கேட்கும் எண்ணான எட்டு-ஒன்று-ஒன்றை அழுத்தினாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. ஏழு நிமிடம் ஓடியது. இலட்சுமிப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குவது போர்வைக்கு மேலாகத் தெரிந்தது. மாதுரி அதை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை பயமுறுத்தியதால் விட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு தாதி பிரெஞ்சில் வந்தார். ஒலிபெருக்கியில் போட்டாள்.

வலி இருக்கிறதா, பத்துக்கு எத்தனை என்று தாதி கேட்டார். மாதுரி தமிழில் சொல்வதற்கு முன்பே, கண்ணைத் திறக்காமல், இலட்சுமிப்பிள்ளை பிரெஞ்சில் பதில் சொன்னார்: “பத்துக்கு ஏழு. சாப்பிட்ட பிறகு கூடும். பால் குடித்தால் குறையும்.”

மாதுரிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. “அக்கா, அது மதாம் காஞோன்! நடிக்காதீங்க!”

“ஐயோ, வாயில வந்திட்டு. பழகிப் போச்சு.”

மாதுரி தாதியிடம் மன்னிப்புக் கேட்டாள். வலி இல்லையாம் என்றாள். சரி, மூச்சு விடச் சிரமமா என்று தாதி கேட்டார்.

“மூச்சுத் திணறுதா அக்கா?”

“இல்ல. திணறல்ல.”

மாதுரி ‘இல்லை’ என்று பிரெஞ்சில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. தாதி விசைப்பலகையில் ஏதோ தட்டுவது கேட்டது. பதில் வராததையே ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, அவசரமில்லை, நாளைக்கு ஒரு கிளினிக்கில் காட்டலாம் என்பதுபோல் அவர் பேச்சை முடிக்கப் போனார்.

“ஒரு நிமிஷம்” என்றாள் மாதுரி தாதியிடம். நாற்காலிக்கு முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். “அக்கா, களைக்குதா?”

இலட்சுமிப்பிள்ளை கண்ணைத் திறந்தார்.

“ஓம் புள்ள. அதைத்தானே எத்தின தரம் சொல்லிட்டன்? சும்மா இருந்தாலும் களைக்கிது. கதைச்சாலும் களைக்கிது.”

மாதுரி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். இந்த முறை அசதி என்ற சொல் அதில் இல்லை. தாதியின் குரல் மாறியது. ஆம்புலன்ஸ் வருகிறது, கதவைத் திறந்து வையுங்கள், அவரை எழுந்திருக்க விடாதீர்கள், போனை வைக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், பனிச் சப்பாத்தோடு, நாற்காலியில் கட்டி அவரைப் படியில் இறக்கினார்கள். இரும்புப் படியின் வளைவில் ஒருவர் கால் வழுக்கி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேலே நின்ற மாதுரி கம்பியைப் பிடித்த பிடியில் கையுறை ஒட்டிக்கொண்டது. “மெதுவா மகன், நான் நடிக்கல்ல” என்று கீழேயிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. கால் வழுக்கியவருக்கு என்ன விளங்கியதோ, பிரெஞ்சில் ஆமாம் போட்டு, “வி, மதாம்” என்றார்.

இருதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. முதல் இரண்டு நாள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆக்சிஜன் முகக்கவசத்தைக் கழற்றினார்கள். அன்றிரவு இலட்சுமிப்பிள்ளை மூன்று வாரத்துக்குப் பிறகு சாய்ந்து படுத்துத் தூங்கினார். ஒட்டாவாவிலிருந்து மகள் நிரஞ்சனி வந்து, அம்மா எதையும் சொல்லாததற்கு அம்மாவையும், சொன்னதைக் கேட்காததற்கு ஊரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள்.

பத்மா நடந்ததைத் தானே ஆய்வு நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதினார். தன் கையெழுத்து இருந்த பக்கத்தையும் இணைத்தார். மாதுரி அந்த வரியைத் திருத்தினாள். ஒன்பது நிறுத்தங்களையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் ‘மூச்சு வாங்குகிறார்’ என்று எழுதினாள். திருத்தியபின் படித்தபோது அது வேறொரு பேட்டியாக இருந்தது. கேள்வி கேட்டவள் செவிடு போலிருந்தாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் மாதுரி ஆரஞ்சுப் பழங்களோடு வார்டுக்குப் போனபோது கட்டிலைச் சுற்றி ஐந்து மாணவர்கள் நின்றார்கள். ஒரு டாக்டர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்களில் ஒருத்தி தாளைப் பார்த்து, எப்போதிலிருந்து அசதி என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“அசதி இல்லை” என்றார் இலட்சுமிப்பிள்ளை, அதே அரைகுறைப் பிரெஞ்சில். “மூச்சு. எழுதுங்கள், மூச்சு.” அவள் எழுதும் வரை காத்திருந்தார். அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் மாதுரியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“சிவப்பு லைட் இரிக்கா?”

“இல்லக்கா. வீட்ல இருக்கு.”

“நல்லது. அண்டைக்கு என்ட கையப் பிடிச்ச பிள்ள. என்ன நடந்திச்சு எண்டு உனக்குத் தெரியும். நீ சொல்ல ஒண்ணாது எண்டும் எனக்குத் தெரியும். சொல்லாத. உன்ட முகத்தப் பாத்தாப் போதும்.”

மாதுரி ஆரஞ்சுப் பையைப் பார்த்தாள்.

“ம். பெயில்தான். அந்தப் பிள்ள கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னன். கண்ணாடிக்கங்கால ஆக்கள் பாக்காங்க எண்டு பயம். வேல போயிரும் எண்டு பயம். அவ்வளவு பேரும் நல்ல நடிப்பெண்டு சொன்னாங்க. அது ஒண்டுதான் நோயாளியப் பாத்த பிள்ள.”

“அக்கா, நீங்க இத வெளிய சொன்னா, அந்தப் படிவம்... சுகமா இருக்கேன்னு கையெழுத்துப் போட்டது... திரும்பக் கூப்பிட மாட்டாங்க.”

“தெரியும். மதாம் காஞோன் செத்துப் போனா எண்டு நினைச்சுக்க.” மூச்சு இப்போது சீராக வந்தது, ஆனாலும் அவர் கொஞ்சம் நிறுத்தினார். “பேப்பர் இரிக்கா?”

கைப்பையில் பேனா இருந்தது. தாள் இல்லை. ஆரஞ்சு வாங்கிய பையிலிருந்த கடைச் சீட்டைத் திருப்பி மடியில் வைத்தாள்.

“நீ எனக்காக அந்தத் தேர்வுக்குழுவுக்கு ஒரு கடிதாசி எழுதோணும் புள்ள. ‘அண்டைக்கு நான் நடிக்கல்ல, எனக்குக் களைச்சிச்சு’ எண்டு. முதல்ல என்ட தமிழ்ல எழுது, அதுக்குக் கீழ அவங்கட பாசையில எழுது. ஆனா மேல இரிக்கிற அந்தச் சொல்ல மட்டும் மாத்திராத.”